கம்பியைத் தொட்ட பிறகுதான்

புதுப்பெண்ணாய் வந்த மூன்றாம் நாள்தான் சின்ன மருமகள் அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்டாள். "கம்பி வந்துட்டா, சாப்பாடு எடுத்து வை" என்றாள் மாமியார். வந்தது மூத்த நாத்தனார். ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை பிடித்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றினாள்.

"ஜன்னல் எங்கயும் ஓடிடாம பிடிச்சு வைக்கிறீங்களா அண்ணி?" என்று கேட்டாள் சின்ன மருமகள்.

வீடே சிரித்தது. நாத்தனார் கம்பியை இன்னொரு தடவை பிடித்தாள்.

நகைப் பெட்டிக்கு வெல்வெட் ஏற்றும் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தவள் அவள். அங்கே வெல்வெட் என்பது துணி இல்லை, பொடிப்பொடியாய் நறுக்கிய நூல். மெஷின் அதற்கு மின்சாரம் ஏற்றித் தூவினால், பசை தடவிய பெட்டியில் ஒவ்வொரு இழையும் சிலிர்த்த பூனைமயிர் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். பசையைக் கரைக்க, பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றிக்கொள்ளும் தின்னர். பீப்பாயிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது, ஓடுகிற ஓட்டத்திலேயே தின்னரில் மின்சாரம் சேர்ந்துவிடும். அது தரைக்கு இறங்கிப்போக, பீப்பாயிலும் வாளியிலும் கிளிப் ஒயர் மாட்டியாக வேண்டும்.

சுருட்டை என்ற தோழி ஊற்றும்போது தீப்பிடித்தது. அவள் பிழைக்கவில்லை. 'எங்கேயிருந்தோ ஒரு பொறி' என்று எழுதி விசாரணையை மூடினார்கள். அன்றிலிருந்து, உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க இரும்பைத் தொடாமல் நாத்தனார் யாரையும் தொடுவதில்லை.

சின்ன மருமகளுக்குப் பிறந்த பையனுக்கு மூன்று வயதாகியும் அத்தை அவனைத் தூக்கியதில்லை. "தூக்கினா கை தேய்ஞ்சிடுமோ?" என்று மாமியார் குத்துவாள். ஆசை இல்லாமலா? அவன் தூங்கும்போது அவனுடைய குட்டிச் செருப்பைத் துடைத்து வைப்பாள்.

காற்று காய்ந்த ஒரு காலையில் அவள் ஸ்வெட்டரைக் கழற்ற, சடசடவென்றது. பையன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவள் விரல் அவன் காதில் பட்டதும் பட்டென்று ஒரு பொறி. அவன் விழித்தான், பிறகு சிரித்தான். "இன்னொண்ணு, அத்தை."

நாத்தனார் பாய்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "இதே சத்தம்தான் அன்னிக்கும் கேட்டுச்சு."

"கார் கதவைத் தொட்டா எனக்குந்தான் அடிக்குது அண்ணி."

"உனக்குத் தெரியாது. என் மெஷின் கிளிப் உடைஞ்சிருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல திருப்பி மாட்டிடலாம்னு பீப்பா கிளிப்பைக் கழட்டினது நான்தான். சுருட்டைகிட்ட சொல்லல. பொறி அடிக்கிறப்பல்லாம் அவதான் என்னைக் கூப்பிடுறா."

சின்ன மருமகள் தன்னையறியாமல் பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரமே துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். "இருங்க அண்ணி" என்று சொல்லாமல் சின்ன மருமகள் பையனைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை மட்டும் வந்தாள்.

இப்போது நாத்தனார் கடலோரத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் ஆலையில் வேலை செய்கிறாள். அங்கே தரை எந்நேரமும் ஈரம், பொறி அடிக்காது.