தலையில் பிள்ளை சுமந்த அம்மன்

இலங்கை மலையில், அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டத்தில், புதிதாகத் தேயிலை நடக் காடு வெட்டியபோது, வேர்களுக்குள்ளிருந்து ஆளுயரக் கற்சிலை ஒன்று வெளிப்பட்டது. ஒரு கல்லைச் சாமியாக்க, லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அரை நாள் போதும். ஒசிந்த இடுப்பு, கழுத்தில் ஆரம், உயரக் கட்டிய சடை. சடையின் நடுவே விரலளவு உருவம் ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளையைத் தலையில் சுமக்கும் அம்மன் என்று முடிவாயிற்று. மார்பு தட்டையாக இருக்கிறதே என்று யாரோ இழுத்தார்கள்.

"நம்மள மாதிரி கஞ்சி குடிக்கிற சாமி. வேற எப்படி இருக்கும்?" என்று அத்தை அந்த வாயை அடைத்துவிட்டாள். சிவப்புச் சீலை கட்டி மஞ்சள் பூசினார்கள்.

அந்த மழைக்காலத்தில் கைக்குழந்தையாயிருந்த தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்றார் அப்பா. பூக்கேட்டுப் பார்க்கலாம் என்றாள் அம்மா. சாமியின் இரு தோளிலும் ஈர மஞ்சளால் பூவை ஒட்டிவிட்டுக் கேட்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் ஆம் என்று பொருள்.

"எம்புள்ள இங்கயே பொழைச்சுக்குவானா, ஆத்தா?"

வலப்பூ விழுந்தது.

"ஆஸ்பத்திரி வேணாங்க. ஆத்தா வாக்குக் குடுத்துட்டா."

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடுமுன்பே தம்பி செத்துப்போனான்.

அது அம்மனே அல்ல என்பது நான் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது. சிலையைப் பார்க்க வந்த பிக்கு ஒருவர், அது போதிசத்துவர் என்றார், ஆண். சடையில் இருப்பது பிள்ளையல்ல, தியானத்தில் அமர்ந்த புத்தர். எல்லா உயிரும் கரையேறும்வரை தான் போவதில்லை என்று நின்றுவிட்டவராம். கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. நின்று என்ன கிழித்தார்?

தம்பியைப் புதைத்தது அப்போது எனக்குத் தெரியாது. அவனை ஆஸ்பத்திரியில் விட்டிருப்பதாக அத்தை சொல்லிவைத்திருந்தாள். சில நாள் கழித்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சிலையிடம் போய், மறுபடி பூக்களை ஒட்டினாள்.

"நானும் அவங்கிட்டயே போயிடவா, ஆத்தா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா போனால் தம்பியைத் தூக்கிவந்துவிடுவாளே! வலப்பூ விழவேண்டும் என்று நானும் கும்பிட்டேன். விழுந்தது. கைதட்டினேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு லயத்துக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து அவள் கஞ்சியைத் தொடவில்லை. மழை விடுமுன் அவளையும் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அன்று அத்தை என்னை வேறு லயத்தில் வைத்திருந்தாள்; அம்மா தம்பியிடம் போயிருக்கிறாள் என்றாள். இருவரும் பதுளையிலிருந்து பசியோடு வருவார்களே என்று, என் கஞ்சியில் பாதியைத் தினமும் மூடிவைத்துக்கொண்டிருந்தேன்.