பன்னிரண்டு மணி ரீபூட்

தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சர்வர் நின்றுபோனது. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பது டிஜிட்டல் தராசில். தொழிலாளியின் கார்டை ஆபீஸ் சர்வர் சரிபார்த்த பிறகுதான் எடை பதிவாகும். ரீபூட் செய்தேன், எழுந்துகொண்டது. அந்தப் பயத்தில் தினமும் பகல் பன்னிரண்டுக்குத் தானாகவே ரீபூட் ஆகும்படி வைத்துவிட்டேன். இருபது நிமிடம் பிடிக்கும். ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பகல் நேரம் எடை போடும் கொழுந்து மடுவத்துக்குப் போனேன். நாற்பது பெண்கள் கொழுந்தோடு வரிசையில் நின்றார்கள். தராசு வேலை செய்யவில்லை.

"பொறுங்க, சர்வர் குளிக்கப் போயிருக்கு" என்றார் நிறுக்கும் கணக்கப்பிள்ளை.

"தெனமும் இந்நேரத்துக்குத்தான் குளிக்குது. பொண்ணு பாக்கவா போகுது?" என்றார் வரிசையில் நின்ற செல்வி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "புள்ள மடுவத்துல ஆயாகிட்ட விட்ட எம்புள்ள பாலுக்கு அழுதுகிட்டிருக்கும் தம்பி. சாப்பாட்டு நேரம் விட்டா போக முடியாது. ஆபீஸ்ல கொஞ்சம் சொல்லுங்க."

"நேரம் வச்சது நான்தான் அக்கா."

"நீங்களா? உங்கம்மா இந்த வரிசையில நின்னவங்கதானே?"

 எங்கள் லயத்து வீடுகளில் பன்னிரண்டு மணி என்றால் நிறுவை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு அது சாப்பாட்டு மணியாகிவிட்டது.

அன்று எல்லோர் எடையையும் தாளில் எழுதச் சொல்லி, பிறகு நானே ஏற்றினேன். தினசரி ரீபூட்டை நிறுத்திவிட்டு சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லொக் ஃபைல்களைத் தேடிப் பார்த்தேன். அவை டிஸ்க்கை நிரப்பியதால்தான் முதல் வாரம் சர்வர் நின்றிருக்கிறது. பழையவற்றைத் தானாக அழிக்க வைத்த பிறகு சர்வர் சோராமல் ஓடுகிறது. அப்டேட்டுக்காக மட்டும் வாரம் ஒரு ரீபூட் போதும். கொழுந்து எடுக்காத ஞாயிறு, பூசை முடிந்து வந்து நானே செய்கிறேன்.

ரீபூட்டுக்கு நேரம் குறிக்கும் முன், அந்த நேரத்தில் யார் காத்து நிற்கிறார்கள் என்று ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். ஆபீஸ் திரையில் அது தெரியாது.

தினசரி ரீபூட்டை நிறுத்திய மறுநாள் பகல் தராசு நிற்கவே இல்லை.

"இன்னைக்கு மெஷின் குளிக்கலயா தம்பி?" என்றார் செல்வி அக்கா.

"இனி ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் அக்கா."

"வாரத்துக்கு ஒருக்காவா? அப்ப கிட்ட போயிராதீங்க."

வரிசையே சிரித்தது. அவர் அதற்குள் பிள்ளை மடுவத்துப் பாதையில் பாதி தூரம் போயிருந்தார்.