விரதத்தில் அடைத்த பியர்

பியர்ப் போத்தல் வெடித்த கதையைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் தொடங்குவேன். பாதி தாண்டியதும் எனக்குக் கோபம் வந்துவிடும்.

என் கணவர் ஓஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். லீவு நாட்களில் பியர் காய்ச்சுகிறார். வெஸ்ட்லியில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குசினியில் எனக்கென்று இருந்த மூலையை அவருடைய வாளிகளும் குழாய்களும் பிடித்துப் பல வருடமாகிறது. இதில் அவருக்குக் கூட்டாளி என் தம்பி. நகரின் இன்னொரு கோடியில், ஹவுகெட்டோவில் மனைவியோடும் சின்ன மகளோடும் இருப்பவன். அங்கிருந்து வந்து, ஒரு வாளியும் கழுவாமல், மேற்பார்வை மட்டும் பார்ப்பான். பிறகு தன் நண்பர்களிடம் அதை “என்ரை பியர்” என்று நீட்டுவான். கணவருக்கு அதில் உள்ளுக்குள் நல்ல புகைச்சல்.

அந்த இலையுதிர் காலத்தில் கணவரோடு வேலை செய்யும் நோர்வேக்காரர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துப் பிளம்ஸ் பழங்களைப் பை பையாகக் கொடுத்திருந்தார். கணவர் அவற்றைப் பிசைந்து, நுரைத்துக்கொண்டிருந்த பியருக்குள் அப்படியே கொட்டினார். கிருமி சாகப் பழத்தைச் சூடாக்கிவிட்டுப் போடவேண்டும் என்று தம்பி சொன்னான்.

“கள்ளு தானாத்தானே புளிக்குது. அதுக்கு ஆர் மருந்தடிச்சது?” என்றார் கணவர்.

சில நாட்களில் வாளிக்குள் வெள்ளைப் படலம் ஒன்று படிந்தது. ஆறிய பாலின் ஆடை மாதிரி இருந்தது. ஆனால் சுருங்கிச் சுருங்கி, இடையிடையே குமிழ் விட்டிருந்தது. தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“அத்தான், இது பழுதாப் போச்சு. ஊத்துங்கோ.”

அன்று வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் கணவர், “உனக்கு என்னடா தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு இரு” என்று அவனை அடக்கினார். கரண்டியால் படலத்தை வழித்துக் கழுவுதொட்டியில் போட்டார். தம்பி சாப்பிடாமலே போய்விட்டான்.

இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகக் கணவரின் நாக்கு காப்பாற்றும். போத்தலில் அடைக்குமுன் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். இனிப்பு மிச்சம் இருந்தால் இன்னும் நுரைத்து முடியவில்லை என்று விட்டுவைப்பார். கெட்ட ருசி தட்டினால் ஊற்றிவிடுவார். அதற்கென்று அளவுகோல் ஏதோ விற்கிறார்களாம். அவருக்கு நாக்குத்தான் அளவுகோல். அந்த முறை பார்த்துக் கந்தசஷ்டி வந்துவிட்டது. கணவரும், கோபம் பாதி ஆறித் திரும்பி வந்த தம்பியும் விரதம். தம்பிக்கு லீவு கிடைத்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான். ஆகவே நெற்றி நிறையத் திருநீற்றோடு, ஒரு துளி வாயில் படாமல், என் வீட்டு முருக பக்தர்கள் இருவரும் பியரைப் போத்தலில் அடைத்தார்கள். வாயு ஏறுவதற்காக ஒவ்வொன்றிலும் சீனி வேறு போட்டார்கள். போத்தல்களோ பள்ளிக்கூடமொன்றில் நடந்த பழைய சாமான் சந்தையில் வாங்கிய மெல்லிய ஜூஸ் போத்தல்கள்.

“விரதத்திலை ருசி பாக்கேலாதெண்டால் விரதம் முடியுமட்டும் வச்சிருக்கலாமே” என்று நான் கேட்டேன். கணவர் அடுத்த போத்தலை எடுத்து மூடியை இறுக்கினார்.

விரதம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிறு காலை தம்பி வந்து தன் பங்கைப் பெட்டியோடு தூக்கிப்போனான். பின்னேரம் அவன் வீட்டுக்கு நண்பர்கள் வருவதாக இருந்தது. கணவர் வாசல்வரை போய், “குளியலறையிலை வை, கீழை சூடு இருக்கு, காஸ் கெதியா ஏறும்” என்று புத்தி சொல்லி அனுப்பினார். இங்கே குளியலறைத் தரையின் கீழே சூடேற்றும் வயர் ஓடும். வெறுங்காலோடு நின்றால் இதமாக இருக்கும்.

மத்தியானம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது சாமான் அறைக்குள் வெடித்தது. கதவே அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கணவர் சாப்பாட்டு மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தன. நானும் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று எனக்கே தெரியாது. ஷெல் விழுந்த யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் உடம்பு தன் பாட்டுக்குச் செய்கிற வேலை அது.

அடுத்த போத்தலும் வெடித்தது. சாமான் அறையைத் திறந்தபோது சுவர் முழுக்க ஊதாச் சாறு. என் குளிர் ஜாக்கெட்டில் ஒரு கண்ணாடித் துண்டு கத்தி செருகியதுபோல நின்றது. நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றம் அடித்தது. எஞ்சியிருந்த போத்தல்களைப் பார்த்தபடி கணவர் அப்படியே நின்றார்.

“அங்கை சின்னப்பிள்ளை இருக்கு” என்றார்.

தம்பிக்குப் போன் செய்தேன். போத்தலைத் தொடாதே, குளியலறைப் பக்கம் ஒருவரையும் விடாதே, வெடிக்குது என்று கத்தினேன்.

“வெடிக்குதோ? பழுதெண்டு நான் சொல்லேக்கை என்ரை வாயை அடக்கினவர். இப்ப குடுத்ததைத் திருப்பி வாங்க நல்ல கதை கட்டுறார்” என்றான். போனை வைத்துவிட்டான். பிறகு எடுக்கவேயில்லை.

நாங்கள் காரில் பறந்தோம். வழி முழுக்க நான் கணவரைத் திட்டினேன். என் வாயில் வராத சொல் இல்லை. பஸ்ஸில் ஒருநாளும் அவசரப்படாத மனிதர் மஞ்சள் விளக்குகளுக்கு நிற்காமல் ஓட்டினார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

ஹவுகெட்டோவில் கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. நோர்வேயிலேயே, பேர்கனில் பிறந்து வளர்ந்தவள்.

“பிள்ளை எங்கை?” என்றேன்.

“குளிக்குது மச்சாள். ஏன்?”

கணவர் சப்பாத்தோடு உள்ளே பாய்ந்தார். தம்பி ஒடுங்கிய நடையில் குறுக்கே நின்றான். “என்ரை வீட்டுக்குள்ளை வந்து எடுத்துக்கொண்டு போகப் போறியளோ?” என்று கணவரின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கணவர் விலக்கிப் பார்த்தார். முடியவில்லை. அவனுடைய வாயில் ஓங்கிக் குத்தினார். என் கணவர் ஒருவரை அடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். தம்பியின் உதடு கிழிந்தது. அவன் தலையால் கணவரின் மூக்கில் இடித்தான். கோட்டுகள் தொங்கிய கொழுவி சுவரோடு பிய்ந்து இருவர் மேலும் விழுந்தது. அதற்குள் உருண்டுகொண்டே அடித்தார்கள். வழியை முழுதாக அடைத்துக்கொண்டார்கள். தாண்டிப் போகப் பார்த்தேன். யாரோ என் காலை வாரினார்கள். எனக்கு வெறி பிடித்துவிட்டது. கையில் அகப்பட்ட பனிச் சப்பாத்தை எடுத்துத் தம்பியின் முதுகிலும் தோளிலும் விளாசினேன். “விடடா, விடடா” என்று கத்திக் கத்தி அடித்தேன்.

“ஹெர்ரெகுட், கடவுளே! நிப்பாட்டுங்கோ!” என்று அவன் மனைவி அலறினாள்.

அந்தச் சத்தத்துக்குக் குளியலறைக் கதவு திறந்தது. பிள்ளை துவாயைச் சுற்றிக்கொண்டு, தலையில் சம்பூ நுரையோடு வந்து நின்றாள். அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள். தகப்பனையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தாயைத் தேடி எங்கள் பக்கமாக வரத் தொடங்கினாள்.

அப்போது அவளுக்குப் பின்னால் வெடித்தது.

முதலாவது வெடிக்க, அதன் சில்லுப் பட்டு அடுத்தது, அதற்கடுத்தது. திறந்த கதவால் கண்ணாடியும் சாறும் நடைவரை பறந்தன. குளியலறைக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. சத்தம் ஓய்ந்தபோது நான் தரையில் இருந்தேன். கணவரும் தம்பியும் பிள்ளையை நடுவில் போட்டு மேலே கவிழ்ந்து கிடந்தார்கள். ஒருவர் கை மற்றவர் தலையை மூடியிருந்தது. தம்பியின் மனைவி மட்டும் அதே இடத்தில் நிமிர்ந்து நின்றாள். விழுந்து படுக்க அவளுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

பிள்ளை குளித்த வாளிக்குள் உடைந்த போத்தலின் கழுத்து மிதந்ததைப் பிறகு பார்த்தேன். ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் அவள் அந்த வாளிக்குப் பக்கத்தில்தான் இருந்திருப்பாள். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை. சண்டைச் சத்தம்தான் அவளை வெளியே இழுத்தது. அதற்காக அந்தச் சண்டையை நல்லதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அவள் அவர்களின் கீழேயிருந்து நெளிந்து வெளியே வந்ததும் தாயிடம் ஓடினாள். தம்பி முழந்தாளில் நின்று இரண்டு கையையும் நீட்டினான். அவன் உதட்டிலிருந்து இரத்தம் சட்டையில் சொட்டியது. அவள் போகவில்லை. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மாமாட்டை வாங்கோ குஞ்சு” என்றார். போகவில்லை. நான் எழுந்து கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். சப்பாத்து இன்னும் அதில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தேன்.

“இனி வெடிக்காது செல்லம். எல்லாப் போத்தலும் முடிஞ்சுது, பயப்பிடாதை” என்றான் தம்பி.

“எனக்குப் போத்தலுக்குப் பயமில்லை” என்றாள் பிள்ளை. தாயின் சட்டையைப் பிடித்த கையை அவள் விடவில்லை.