காபந்து பிரதமர்

ஒரு முழம் கட்டுக்கம்பி. கட்டட வேலையில் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டப் பயன்படுத்துவார்களே, அந்த மெல்லிய கறுப்புக் கம்பி. எங்கள் பள்ளிப் பேருந்தின் அவசரக் கதவு அதைக் கொண்டுதான் கட்டப்பட்டிருந்தது. அன்னூரிலிருந்து தினமும் காலையில் அந்தப் பேருந்தில் ஏறும்போதே என் கண் அந்தக் கம்பிமேல்தான் போகும். முன்பக்கத்தில் ஓட்டுநரின் காலடியிலிருந்து ஒயர் கருகும் வாசனை வரும். பேருந்து நிறைய பிள்ளைகள், மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். நெருப்புப் பிடித்தால் எல்லோரும் எப்படி வெளியே போவோம் என்று யோசித்தபடியே நான் பள்ளி போய்ச் சேருவேன். பயத்தில் உள்ளங்கை ஈரமாகி இருக்கும். பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்தால் "ஏன்டி, காய்ச்சலா?" என்பாள்.

இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், அந்தக் கம்பியைக் கட்டியவர் என் அப்பா. அவர் அதே பள்ளியில் எலக்ட்ரீசியன். மின்விளக்கு, மோட்டார் தவிர பள்ளியில் எது கழன்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓடும் வண்டியில் கதவுத் தாழ் உடைந்து ஒருநாள் கதவு தானாகத் திறந்துகொள்ள, "இப்போதைக்குக் கட்டிப்போடுங்க" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போதைக்கு என்பது மாதக்கணக்கில் நீண்டது. விஷயம் வெளியே வந்தால் பழி யார் தலையில் விழும் என்று தெரியாத வயதில்லை எனக்கு. அப்பாவின் வேலை போகும், அதோடு கட்டணமில்லாமல் நான் படிக்கும் சலுகையும் போகும்.

இதில் கூத்து என்னவென்றால், அப்போது நான்தான் போக்குவரத்துத் துறை அமைச்சர்.

எங்கள் பள்ளியில் ஒரு நாடாளுமன்றம் இருந்தது. வகுப்புக்கு இரண்டு உறுப்பினர்கள். அவர்கள் சேர்ந்து பிரதமரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிரதமர் அமைச்சர்களை நியமிப்பார். துணை முதல்வர் சபாநாயகர். தாளாளருக்குக் குடியரசுத் தலைவர் பொறுப்பு. எங்களுக்கெல்லாம் அது நாடகம். தோளில் குறுக்காக ஒரு பட்டுத் துணி, கையில் எழுதிக் கொடுத்த காகிதம், அவ்வளவுதான்.

பிரதமர் மட்டும் அதை நாடகமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொன்றாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படித்தவள். உடுமலைப்பேட்டையில் அவள் அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நினைவில்லை, ஆசிரியைகளுக்கும் அவள் பிரதமர்தான். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் எங்களுக்கு வகுப்பு எடுப்பாள். இந்தப் பதவி பிறந்த நாட்டில் முதலில் அது மரியாதைப் பெயரே இல்லையாம், ராஜாவின் அமைச்சர்களில் ஒருவர் ரொம்ப ஓங்கிப் போனதால் கிண்டலாக அப்படி அழைத்தார்களாம். ராஜாவின் ஆளாக இருந்தவர் காலப்போக்கில் சபையின் ஆளாக மாறினாராம். சபைக்கு நம்பிக்கை இருக்கும்வரைதான் நாற்காலி. ஓர் அமைச்சர் செய்த காரியத்துக்கு மொத்த அமைச்சரவையும் பொறுப்பு. "குழம்பு ஆறுது பிரதமரே" என்று நாங்கள் சொல்வோம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பெற்றோர் தினத்தன்று சபை கூடியது. மண்டபம் நிறைய பெற்றோர்கள், வெள்ளைச் சட்டைகளும் பட்டுச் சேலைகளும். கேள்வியும் பதிலும் அலுவலகத்தில் தட்டச்சு செய்து முதல் நாளே தந்திருந்தார்கள். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து, "பள்ளிப் பேருந்துகள் பாதுகாப்பாக உள்ளனவா என்பதைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா?" என்று படித்தாள். நான் எழுந்தேன். "அனைத்துப் பேருந்துகளும் நல்ல நிலையில் உள்ளன" என்று காகிதத்தில் இருந்தது. படித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். கடைசி வரிசைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் படிக்க வரவில்லை. பொய் சொல்லவும் பயம், சொல்லாமல் நிற்கவும் பயம். காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்த சத்தம் மைக்கில் கேட்டது.

அப்போது பிரதமர் எழுந்தாள்.

"சபாநாயகர் அவர்களே, இதுக்கு நான் பதில் சொல்றேனுங்க. எந்த மந்திரிக்காகவும் பிரதமர் பதில் சொல்லலாமுங்க." என்னைப் பார்த்து, "நீ உக்காரு கண்ணு" என்றாள். உட்கார்ந்தேன்.

"அன்னூர் பஸ்ஸுல அவசரக் கதவு தொறக்காதுங்க. கம்பி போட்டுக் கட்டியிருக்குதுங்க. ஒயர் கருகுற வாசமும் வருதுங்க. நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க, அது நெசமில்லீங்க."

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள், எவ்வளவு மரியாதை என்று. அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் மிரட்டல்கூட 'ங்க' போட்டுத்தான் வரும். தாளாளர் சிரித்த முகமாக மைக்கை வாங்கினார்.

"அந்தக் கம்பியக் கட்டுனது ஆருங்க அம்மணி?"

பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"எங்க அரசாங்கமுங்க," என்றாள் அவள். "பிரதமர் நானுங்களே, பொறுப்பும் என்னோடதுதானுங்க. எங்க மந்திரிசபை ராஜினாமா பண்ணுதுங்க." தோள் துணியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள்.

தாளாளர் அசரவில்லை. பெரிய ஆலை நடத்துபவர், இதைவிடப் பெரிய கூட்டங்களைப் பார்த்தவர். "அதுக்கென்னுங்க, வேற ஆளு பாத்தாப் போச்சு," என்றவர் நேராக என்னைப் பார்த்தார். "நீங்க இருந்துக்கறீங்களா கண்ணு?"

எனக்குக் குரல் எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை. "வேண்டாமுங்க" என்றேன். அது துணிச்சல் இல்லை, வெறும் பயம். பிரதமரானால் மறுபடி அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டி வருமே என்ற பயம். சுகாதார அமைச்சரைக் கேட்டார். "எனக்கும் வேண்டாமுங்க." கல்வி அமைச்சர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, "எங்கப்பா வேண்டாம்பாருங்க" என்றாள். பெற்றோர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாக நடுங்கி நடுங்கி மறுத்தோம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ கட்டுப்பாடான போராட்டம் போலத் தெரிந்திருக்கும். பயந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பயந்தால் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது.

துணை முதல்வர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவரே எழுதிய விதிகள்தான், பாவம். புதிய அமைச்சரவை அமையும்வரை பழைய பிரதமரே காபந்து பிரதமராகத் தொடர்வார் என்று தயங்கித் தயங்கிப் படித்தார். அதற்குள் பெற்றோர் வரிசையில் ஒருவர் வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்து, "அது என்ன கம்பீன்னு ஒரெட்டுப் பாத்துப்போட்டு வந்தரலாமுங்க" என்றார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போனது. என் அப்பாதான் கட்டிங் பிளேயரோடு வந்து கம்பியை வெட்டினார். வெட்டிய உடனே கதவு தானாகத் தொங்கி விழுந்தது. ஓர் அம்மா தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். மறுநாள் எங்கள் ஊருக்கு வேறு பேருந்து வந்தது.

கம்பியைக் கட்டியது யார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பொறுப்பேற்க ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் இன்னொரு பெயர் தேவைப்படவில்லை. அப்பா ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். நான் இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறேன். டெல்லியில் பெரும்பான்மை, ராஜினாமா என்று தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம் அலுவலகத்தில் எண்ணிக்கை போடுகிறார்கள், பந்தயம் கட்டுகிறார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கை ஈரமாகிறது. "அது எனக்குத் தெரியாது, அந்தத் துறையைக் கேளுங்கள்" என்று யாராவது பெரியவர் மைக்கில் சொன்னால் வாயில் கசப்பு ஊறுகிறது.

ஆண்டு முடிவதற்குள் பிரதமரின் வீட்டுக்குத் தகவல் போனது. உங்கள் பெண்ணுக்கு எங்கள் பள்ளி தோதுப்படாதுங்க, வேறு நல்ல இடமாகப் பார்த்துக்கொள்ளுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அவள் அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியும் படுக்கையும் ஏற்றும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். மோட்டார் அறையிலிருந்து என் அப்பா ஓடிவந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"அம்மணி, நான் இப்பவே உள்ள போயிச் சொல்லிப்போடறேனுங்க. உங்ககிட்டச் சொன்னவனும் நாந்தான், கட்டுனவனும் நாந்தான்னு."

அதுவரை அவளாகக் கண்டுபிடித்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வேண்டாமுங்கண்ணா," என்றாள் அவள். "உங்க பேரு வராதுன்னு வாக்குக் குடுத்திருக்கறேனுங்க. வேற பிரதமர் இன்னும் வரலீங்களே. அதுவரைக்கும் பொறுப்பு என்னோடதுதானுங்க." அவள் உதடு நடுங்கியது. அன்றைக்குத்தான் அவளுக்கும் பயம் இருந்ததைப் பார்த்தேன். கார் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் கோபமாகக் கேட்டேன், போயும் போயும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஏன் சொன்னீர்கள் என்று.

"மேனேஜருகிட்டச் சொன்னேன், ஆபீசுல சொன்னேன். ஆரும் கேக்கல," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரதமருன்னு ஒருத்தர் இருக்கறாங்களேன்னு அவங்ககிட்டப் போனேன் கண்ணு. வேற ஆருகிட்டப் போறது?"