சாய்ந்தமருதில் நாற்பத்தெட்டுப் போத்தல்கள்

சனிக்கிழமை காலை 6.40. மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ் புறப்பட்டபோது என் மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு போத்தல் ஜிஞ்சர் பியர் இருந்தது. 1982 ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. இஞ்சி, சீனி, தேசிக்காய், உலர்ந்த முந்திரிகைப் பழம் போட்டு ஏழு நாள் வெயிலில் வைத்த சரக்கு. பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் உள்ளே பொங்கியது. தக்கைகளைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தும் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஐந்து ரூபாய் டிக்கட்டைக் கிழித்துத் தந்த கொண்டக்டர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் ஆரையம்பதியில் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். அவரைக் குறைசொல்ல முடியாது.

வருடத்துக்கு ஒரு தடவை நாங்கள் மூன்று பேர் கூடுவோம். கல்லடியில் கணக்குப் படிப்பிக்கும் நான் ஒருவன். இரண்டாமவர் கல்முனை அப்போதிக்கரி சாமுவேல், மருந்து கலப்பதுபோல ஒவ்வொரு துளியையும் அளந்து செய்கிற மெதடிஸ்தர். மூன்றாமவர் சாய்ந்தமருதில் புடவைக்கடை வைத்திருக்கும் ஆதம்பாவா, எங்களுக்கு மூத்தவர் என்பதால் காக்கா. அவரவர் வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து, யாருடையது என்று தெரியாதபடி கிளாஸ்களுக்கு இலக்கமிட்டு, ருசித்துப் பத்துக்கு மார்க் போடுவோம். எங்கள் இருவருடையதையும் ஆதம்பாவா வாயில் வைப்பதில்லை. ஏழு நாளில் அதில் வெறி ஏறிவிடும், அது அவருக்கு ஹராம். மணந்து பார்ப்பார், தக்கை கழலும் சத்தத்தைக் கேட்பார். அதை வைத்தே அவர் போடும் மார்க் பெரும்பாலும் சரியாக இருக்கும். தன்னுடையதை இரண்டாம் நாளே திறந்துவிடுவார். ஆகவே அது சப்பென்று இருக்கும். நான்கு வருடமாகக் கடைசி இடம் அவருக்குத்தான். அதற்கு ‘இஞ்சித் தேத்தண்ணி’ என்று பெயர் வைத்தவன் நான்.

போன மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மகளின் கலியாணத்துக்கு ஜிஞ்சர் பியர் கொடுக்கப்போகிறாராம். இரண்டே நாளில் உறைப்பாக வருவதற்கு வழி கேட்டிருந்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்திரிகையை இரட்டிப்பாக்குங்கள், தக்கையைக் கட்டுங்கள், தகரக் கூரைக்குக் கீழே வையுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். கலியாண நாளுக்கு என்னால் போக முடியாதிருந்ததால், எங்கள் கூட்டத்தை அதற்கடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம்.

8.30. கல்முனை. ஏறத்தாழ இருபத்தைந்து மைல், ஒரு போத்தலும் வெடிக்கவில்லை. பஸ் நிலையத்தில் சைக்கிளோடு நின்ற சாமுவேலின் முகம் நன்றாக இல்லை. போன ஞாயிறு நடக்கவேண்டிய கலியாணம், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் மௌத்தாகி அடக்கம் நடந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டதாம். நாளைக்குத்தான் கலியாணம். இரண்டு நாளுக்கென்று செய்த பியர் இன்றைக்கு ஒன்பதாம் நாளாகத் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது.

9.15. சாய்ந்தமருது. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதம்பாவா எங்களை நேரே பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஈர மணலில் கழுத்தளவு புதைத்த ஐம்பது போத்தல்களில் இரண்டு வெடித்துவிட்டன, மிச்சம் நாற்பத்தெட்டு.

“இந்த முறை மார்க் வேணாம் மாஸ்டர். இது ஏறிட்டா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க. எனக்கு நாக்குல வெச்சிப் பாக்க ஏலா.”

அவர் நிலைமை எனக்கு விளங்கியது. மாப்பிள்ளையின் சாச்சா, தகப்பனின் தம்பி, மார்க்கம் படித்த ஓர் ஆலிம். பாதி ஊர் வரப்போகிறது. குடித்தவர்களில் ஒருவருக்குத் தலை சுற்றினாலும் இந்த மனிதர் பிறகு கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. காரணமில்லாமல் ஊற்றிவிட்டாலோ, பெருமையாகச் சொல்லி வைத்த சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் சொன்ன வாக்கைக் காப்பாற்றாத கதையாகிவிடும். திரும்பச் செய்ய நாளும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சாமுவேல் மூன்று கிளாஸ் வைத்தார். என்னுடையது, அவருடையது, ஆதம்பாவாவுடையது. மூன்றாவதின் தக்கை கழன்ற சத்தத்திலேயே ஆதம்பாவாவின் முகம் கறுத்தது. நான் ருசித்தேன். எங்களுடைய இரண்டும் அதற்குக் கிட்டவும் வராது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாமுவேல் என் காதோரம் குனிந்து, பாண் சுடும் மாவிலும்தான் புளிப்பு ஏறுகிறது, ஆளுக்கு அரைக் கிளாஸ் ஒன்றும் செய்யாது என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஏறிவிட்டது என்று சொன்னால் அது என் கடிதத்துக்கு நானே போடும் பூச்சியம். இல்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. யோசிக்க நேரம் வேண்டி இன்னொரு மிடறு குடித்தேன். ஆதம்பாவா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாகக் கடைசி மார்க்கைச் சிரித்துக்கொண்டே வாங்கியவர் அவர்.

“ஏறிட்டுது காக்கா. எங்கடையை விடக் கூட ஏறிட்டுது. குடுக்காதீங்க. என்ட கடிதத்தாலதான் இவ்வளவும்.”

அவர் முதல் போத்தலைத் தானே மணலிலிருந்து பிடுங்கினார்.

“நீங்க எழுதின ரெண்டு நாளைக்கு. ஒம்பது நாள் வெச்சது நான்.”

வேலிப் பக்கம் கொண்டுபோய் மூன்று பேருமாக ஊற்றினோம். மணல் நுரைத்துக் குடித்தது. இஞ்சி வாசம் பந்தல்வரை போய், என்ன மணக்கிறது என்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி வந்து பார்த்துவிட்டுத் தேசிக்காய் வாங்க ஆள் அனுப்பினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பத்தாவது போத்தலுக்குப் பிறகு நான் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. புரியாணியோடு தேசிக்காய்ச் சர்பத் கொடுத்தார்கள். ஜிஞ்சர் பியர் எங்கே என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். பழுதாகிவிட்டது என்றார் ஆதம்பாவா. அவருக்கு எங்கே அதெல்லாம் சரிவரப்போகிறது என்று யாரோ சொல்ல, அந்த வரிசையே சிரித்தது. ஆதம்பாவாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தபடி அடுத்தவருக்குச் சர்பத் ஊற்றினார்.

திங்கள் காலை 7.00. கல்முனை பஸ் நிலையம். கலியாண வீட்டு வேலைகளை விட்டுவிட்டு ஆதம்பாவா என்னை ஏற்றிவிட வந்திருந்தார். நான் யன்னலோரம் இருந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“மாஸ்டர், ஒண்டு கேக்கட்டா? அது எப்பிடி இரிந்த?”

சொன்னேன். முதலில் இஞ்சி நாக்கின் நுனியைச் சுட்டதை, அதற்குப் பிறகு தேசிக்காய்த் தோலின் சின்னக் கைப்பு வந்ததை, முந்திரிகையின் இனிப்பு கடைசியில் மெதுவாக அவிழ்ந்ததை, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பஸ் உறுமத் தொடங்கியது. நெஞ்சுக்குள் இறங்கிய அந்தச் சூட்டுக்கு நான் வந்தபோது, கண்ணைத் திறந்து கையை உயர்த்தினார்.

“போதும் மாஸ்டர். இதுக்கு மேல கேட்டா நானும் குடிச்ச மாதிரித்தான்.”