இருந்தபடியே ஒரு வளவை ஆண்ட எங்கள் அண்ணை

எங்கள் அண்ணை அனலைதீவில், பனங்கூடலுக்கும் கடலுக்கும் நடுவே வீடும் தோட்டமுமாகக் கிடக்கும் எங்கள் சிறிய வளவில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்தியே. ஐயாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்மூடியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதன்பின் என்னை வளர்த்தவர் அண்ணைதான். தோட்டம் கொத்தினார், பனை ஏறினார், என் தலையையும் இழுத்துப் பின்னிவிட்டார். அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய வாழ்வை ஓரளவேனும் அறியவேண்டும் என்று விரும்புகிறேன். உங்களிற் பலர் அவரை நிலத்தில் இருந்தபடியேதான் கண்டிருப்பீர்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததை நான் கண்டவள். ஆனாலும் நடந்த அண்ணையைவிட இருந்த அண்ணையை நினைக்கும்போதுதான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

வேலி அடைக்க ஓலை வெட்டப் போன ஒரு காலையில் அவர் பனையிலிருந்து விழுந்தார். கடல் கடப்பதற்கும் அனுமதி கேட்டு நிற்கவேண்டியிருந்த போர்க்காலம் அது. பக்கத்து வளவு ரெஜினா அக்காவின் கணவர் தமது மீன்பிடி வள்ளத்தில் அவரைக் கிடத்தி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி. முதுகெலும்பு முறிந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டொக்டர் சொன்னார். அண்ணைக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். சோறு தீத்தினால் இரண்டு வாய் வாங்குவார். பேச்சில்லை. அயலவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். வீட்டுவேலை, தோட்டம், அண்ணையைப் புரட்டிக் கழுவித் துடைப்பது எல்லாம் என் தலையில் இருந்ததால், எங்களிடமிருந்த நாலைந்து கோழிகள் எங்கே மேய்கின்றன, எங்கே முட்டையிடுகின்றன என்று பார்க்க எனக்கு நேரமில்லை. அவற்றில் ஒரு சிவத்தப் பேடு கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய பனையோலைக் கடகத்துக்குள் முட்டையிட்டு அடைகிடக்கத் தொடங்கியிருந்ததும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அண்ணையின் குரல் கேட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"தங்கச்சி, இதுக்குக் கொஞ்சம் தண்ணி வை. காலமை துடக்கம் எழும்பாமல் கிடக்குது."

ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தண்ணீர் வைத்தேன். அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு அந்தப் பேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அது முட்டைகளைச் சொண்டால் உருட்டி மாற்றுவதை எனக்குச் சொல்லுவார். குஞ்சு பொரித்த மறுநாள் நான் கிணற்றடியில் நின்றபோது உள்ளே பெரிய சத்தம் கேட்டு ஓடினேன். கள்ளப் பூனை ஒன்று குஞ்சுகளுக்காக உள்ளே நுழைந்திருக்கிறது. அண்ணை கட்டிலிலிருந்து தம்மைத் தாமே உருட்டி அதன்மேல் விழுந்திருக்கிறார். பூனை ஓடிவிட்டது. நெற்றியில் இரத்தம் வடிய, குஞ்சுகளைக் கையால் அணைத்தபடி நிலத்தில் கிடந்த அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அண்ணை, விழுந்திட்டியளே!"

"நிலத்துக்கு வந்திட்டன் பிள்ளை. இனி எங்கை விழுறது?"

அதற்குப் பின் அவர் பகலில் கட்டிலில் கிடக்கவில்லை. உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். எங்கள் மணலில் அது அச்சுவரை புதைந்தது. அண்ணை அதைக் கோழிகள் ஏறியிருக்க விட்டுவிட்டார். பழைய ரயர் ரியூப்புக்குள் தென்னந்தும்பு அடைத்துத் தைத்த மெத்தை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஊன்றி ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்தார். முதலில் அறைவாசல். பிறகு குசினி. மாரி முடிய முற்றம். வளவு முழுவதையும் தம்முடைய கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கினார். அடுப்பு நிலத்துக்கு வந்தது. கோழிக்கூட்டின் கதவு அவருடைய நெஞ்சளவுக்கு வந்தது. கிணற்றில் கப்பி போட்டு, இருந்தபடியே கயிற்றை இழுத்து, கயிற்றை முளையில் கட்டிவிட்டு, நுனியில் கொக்கியுள்ள கொக்கத்தடியால் வாளியைச் சரித்தால், பனங்குற்றியைக் குடைந்த பீலி வழியே தண்ணீர் தொட்டிக்கு ஓடும். இதைச் சரிக்கட்டும்வரை எத்தனை வாளி கிணற்றுக்குள் போனது என்று கேட்கவேண்டாம்.

இதெல்லாம் பொழுதுபோகச் செய்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

எனக்கு வேலணையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். நான் மாட்டேன் என்றேன். அண்ணையை விட்டுவிட்டுப் போவதென்பது எனக்கு நினைக்கவே முடியாத காரியம். அவர் என்னோடு வாதிடவில்லை. சில நாள் கழித்து, விடியற்காலையில் என்னை எழுப்பி, முற்றத்தில் ஒரு கதிரையைக் காட்டினார்.

"இண்டைக்கு நீ இதிலை இருக்கவேணும். பொழுது படுமட்டும் எழும்பக் கூடாது. நான் விழுந்தாலும் எழும்பக் கூடாது."

"என்ன விளையாட்டு அண்ணை?"

"விளையாட்டில்லை. இரு."

இருந்தேன். அவர் கூட்டைத் திறந்தார். வெளியே வந்த ஒவ்வொரு கோழியையும் பிடித்துச் சொண்டையும் கண்ணையும் பார்த்து விட்டார். குறுணலும் தவிடும் குழைத்து வைத்தார். சாணமும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் வைத்து முதல்நாள் கவிழ்த்திருந்த சட்டியை நிமிர்த்தி, அதில் ஏறியிருந்த கறையானைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிட்டார். கூட்டுக்குள் கையைவிட்டு எச்சத்தைச் சுரண்டி எடுத்துக் கத்தரிக்குப் போட்டார். தண்ணீர் இழுத்தார். உடுப்புத் தோய்த்து, தாழக் கட்டிய கொடியில் விரித்தார். விறகு முறித்து அடுப்பு மூட்டினார். ஒருமுறை கிணற்றடிச் சேற்றில் கை வழுக்கி முகங்குப்புற விழுந்தார். நான் பாதி எழும்பிவிட்டேன்.

"இரடி!" என்றார், சேற்றுக்குள் முகம் கிடக்க. பிறகு முழங்கையை ஊன்றி, முனகி, நெடுநேரம் எடுத்து, தாமாகவே நிமிர்ந்தார்.

மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் கறியும் முட்டைப் பொரியலும் என் மடிக்கு வந்தன. பின்னேரம் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வந்தால் தெரியாது என்பதால், அதுவரை நான் பார்த்து மருந்து கட்டியதை அன்று அவரே பார்த்தார். கோழிகள் அடைந்தபின் கூட்டைச் சாத்திவிட்டு என் காலடிக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. ஆனால் அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் எவர் முகத்திலும் காணவில்லை.

"இப்ப சொல்லு பிள்ளை. வேலணைக்கு ஓம் எண்டு சொல்லுவமோ?"

ஓமென்று தலையை ஆட்டினேன். அந்தக் கிணறும் அடுப்பும் கூடும் எதற்காகத் தாழ்ந்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் முற்றத்திலேயே கலியாணம் நடந்தது. நான் வள்ளம் ஏறப் போன காலையில் அண்ணை வேலி வாசல் படலையடியில் சிரித்தபடி இருந்தார். "போட்டு வா. நிண்டு அழுதியெண்டால் வள்ளம் விட்டிடும்" என்று என்னைத் துரத்திவிட்டார்.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த வளவில் தனியே வாழ்ந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கும் வீடுகளுக்கு அவருடைய முட்டைகள் போயின. இடம்பெயர்ந்து திரும்பி வந்து வெறும் வளவில் குந்தியிருந்த குடும்பங்களுக்கு அடைகிடக்கும் பேட்டை முட்டைகளோடு கடகத்தில் வைத்துக் கொடுத்தனுப்பினார். ஒரு கோடையில் நோய் வந்து கூட்டையே துடைத்துப்போட்டது. செத்த கோழிகளையெல்லாம் இருந்தபடியே கிடங்கு வெட்டித் தாட்டாராம். பதறிப்போய் ஃபோன் எடுத்தேன்.

"எல்லாம் போட்டுது. அடைகிடந்தது ஒண்டு மிஞ்சிக்கிடக்குது. அது காணும், திரும்பப் பெருக்கிப்போடலாம்" என்றார். அடுத்த மாரிக்குள் முற்றம் மறுபடியும் நிறைந்திருந்தது.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதானபோதுதான் அவர் வளவை விட்டு வெளியே வந்தார். கடைசி நாட்களை வேலணையில் எங்கள் வீட்டில் கழித்தார். நான் தீத்திய கஞ்சியைக் குடித்துவிட்டு, "இவ்வளவு வருசம் சமைச்சும் உனக்கு உப்புப் போடத் தெரியேல்லை" என்று பகிடி விட்டார். ஒரு காலையில், பேசிக்கொண்டிருக்கும்போதே, அமைதியாகக் கண்மூடினார். அவரை அவருடைய தீவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அன்று கொந்தளித்த கடலில் எங்களைப் பக்குவமாகக் கரைசேர்த்த வள்ளக்காரர்களுக்கும், பந்தலிட்டு, பறை ஒழுங்குசெய்து, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த அயலவர்களுக்கும், கடல்கடந்த நாடுகளிலிருந்து துயரில் பங்குகொண்ட உறவுகளுக்கும், அண்ணையைத் தமது சொந்தத் தமையனாகவே கடைசிவரை பார்த்த என் கணவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

ரெஜினா அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காடாற்றுச் சடங்கு முடிந்த அன்று அண்ணையின் முற்றத்தில் நானும் அவரும் கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் இத்தனை வருடமும் எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நீ கலியாணங்கட்டி வள்ளம் ஏறின அண்டைக்கு மத்தியானமாகியும் கூடு திறக்கேல்லை, பிள்ளை. கோழியள் கத்திற சத்தத்துக்கு ஓடிவந்தனான். உன்ரை அண்ணர் படலையடியிலை அப்பிடியே இருந்து அழுதுகொண்டிருந்தவர். சின்னப்பிள்ளை மாதிரி. நான்தான் கூட்டைத் திறந்துவிட்டு, சோறு குடுத்தனான். 'தங்கச்சிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ, திரும்பி வந்திடுவாள்' எண்டவர். அதாலைதான் சொல்லேல்லை."

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன. அடுத்தநாள் விடிய எழும்பி வந்து பாத்தன். கூட்டை அவரே திறந்துபோட்டார்."