நாலு மணிக்குள் ஆறவேண்டிய சூடு

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்ததற்கு அடுத்த வருடம் ஜூன் மாதம் எனக்கு வேலை போனது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அறைக்குக் கூப்பிட்டு, ஆபீஸ் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை என் மனைவி டிபன் பாக்ஸை நீட்டியதும், அதை வாங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவன் மாதிரி கிளம்பினேன்.

இரும்புலியூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவள் பள்ளிக்கூட டீச்சர். காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு, தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவேன். வீட்டில் அவளுடைய பழைய லேப்டாப் இருந்தது. கேள்வித்தாள் டைப் அடிக்க அவள் அண்ணன் கொடுத்தது. அதில்தான் வேலை தேடினேன்.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை. உச்சி வெயிலில் லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வில் பாதிக்கு மேல் எழுதியிருந்தபோது சூடு தாங்காமல் அதுவாகவே அணைந்துவிட்டது. மறுபடி தேர்வுக்குள் விடவில்லை. அன்றே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் உள்ளங்கை அளவு யுஎஸ்பி ஃபேன் ஒன்று வாங்கினேன். அவளுடைய பி.எட். புத்தகங்கள் இரண்டின் மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்து, அடியில் காற்றுப் படும்படி ஃபேனை நிறுத்தினேன். அதன் பிறகு அணையவில்லை.

மூன்று மணியானால் எனக்கு வேறு கவலை. நாலு மணிக்கு அவள் வந்துவிடுவாள். அதற்குள் லேப்டாப் ஆறவேண்டும். ஆனால் ஃபேன் ஓட லேப்டாப் ஓடவேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு வெறும் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, அடியில் கை வைத்து வைத்துப் பார்ப்பேன். மூன்றே முக்காலுக்கு ஃபேனைப் பையில் ஒளித்துக்கொண்டு வெளியேறி, ஏழரை வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அப்படியே ஒரு மாதம் போயிற்று. ஒருநாள், நிர்வாகத்தில் யாரோ இறந்துவிட்டதால் பள்ளிக்கூடத்தை முன்னாடியே விட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்குக் கதவில் சாவி திரும்பும் சத்தம். நான் லுங்கியோடு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வீட்டுலேர்ந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க" என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்தாள். "சாப்டீங்களா?"

"இல்ல."

"எதுக்குங்க ஆபீஸ் வேலைன்னு பொய் சொல்றீங்க? தினமும் நான் வந்து லேப்டாப்பைத் தொட்டா சூடா இருக்கு. மூணு வாரமா பாக்கறேன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

"என்னை வேவு பாத்தியா?" என்று கத்தினேன். அவள் சமையலறைக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். போகவில்லை.

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. எப்போதும் என் ஆபீஸுக்காக ஒரு வரி சொல்வாள். அந்த மூன்று வாரமும் ஆபீஸ் என்ற வார்த்தையே வரவில்லை, "இவருக்குத் தைரியம் கொடும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. முந்தையதைவிடச் சின்ன வேலைதான். அவள் சந்தோஷப்பட்டாள், சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் ஆபீஸில் லேட்டாகும் என்று நான் போன் செய்தால், "சரி" என்று சொல்வதற்கு முன் அவள் கொஞ்சம் தயங்குவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.